கடவுள்கள் மாண்ட உலகில் புதிய கதை: 'கிரிட்டிக்கல் ரோல்' நான்காம் தொடரில் மாறியது என்ன?

லாஸ் ஏஞ்சல்ஸ்: இணையத்தில் பத்து ஆண்டுகளாக ஒளிபரப்பாகி வரும் 'கிரிட்டிக்கல் ரோல்' மேசை விளையாட்டு நிகழ்ச்சியின் நான்காவது நெடுந்தொடர், 2025ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. முந்தைய மூன்று நெடுந்தொடர்களையும் நடத்திய மேத்யூ மெர்சர், இம்முறை கதை நடத்துநரின் இருக்கையை பிரென்னன் லீ முல்லிகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டக்காரர்களில் ஒருவராக அமர்ந்துள்ளார். கதை நிகழும் உலகமும் புதியது. ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 13 ஆக உயர்ந்துள்ளது.

ஒரு மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து பகடை உருட்டுவதை உலகெங்கும் பெருந்திரளானோர் மணிக்கணக்கில் பார்ப்பது ஏன்? நடத்துநர் மாறுவது இவ்வளவு பெரிய செய்தியாவது ஏன்? விளையாட்டை அறியாதவர்களுக்கும் புரியும் வகையில் விளக்குகிறது இத்தொகுப்பு.

பாத்திரமேற்று விளையாடுவது என்றால் என்ன?

இந்த வகை விளையாட்டின் முன்னோடி, 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் இதை உருவாக்கினர். அதற்கு முன்பு சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டுகள் அங்கு வழக்கில் இருந்தன. படைப்பிரிவு முழுவதையும் இயக்குவதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரே ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறினால் என்ன என்ற எண்ணமே புதிய விளையாட்டுக்கு வித்திட்டது.

விளையாடும் முறை எளிமையானது. ஒருவர் கதை நடத்துநராக இருப்பார். இவ்விளையாட்டில் அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். உலகம், ஊர்கள், பகைவர்கள், வழிப்போக்கர்கள் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் தலைக்கு ஒரு கதைமாந்தராக இருப்பர். "உங்கள் முன்னே பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். உடைக்கலாம், பூட்டைத் திறக்க முயலலாம், காவலனிடம் பேசிப் பார்க்கலாம், திரும்பியும் போகலாம். எதையும் செய்யும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு. ஆனால் அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

இப்படி ஒரே கதைமாந்தர்களுடன் பல வாரங்கள், பல ஆண்டுகள் தொடர்ந்து செல்லும் கதை 'கேம்பெயின்' எனப்படுகிறது. இதையே இங்கு நெடுந்தொடர் என்கிறோம்.

பகடையின் கணக்கு

இவ்விளையாட்டின் முதன்மைக் கருவி இருபது முகம் கொண்ட பகடை. ஆட்டக்காரர்கள் இதை 'டி20' என்பர். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஒரு செயலின் கடினத்தை நடத்துநர் ஓர் எண்ணாக மனத்தில் வைப்பார். ஆட்டக்காரர் பகடையை உருட்டி, தமது கதைமாந்தரின் திறனுக்குரிய எண்ணை அதனுடன் கூட்டுவார். கூட்டுத்தொகை நடத்துநரின் எண்ணைத் தொட்டாலோ கடந்தாலோ வெற்றி. எடுத்துக்காட்டாக, கடின எண் 15, திறன் எண் 5 என்றால், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 55 விழுக்காடு.

சூழல் சாதகமாக இருந்தால் இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடாக உயரும். சூழல் பாதகமானால் இருமுறை உருட்டிச் சிறிய எண்ணையே கொள்ள வேண்டும். வாய்ப்பு 30 விழுக்காடாகச் சரியும். எனவே, நல்ல திட்டமிடலுக்குப் பலன் உண்டு, ஆனால் உத்தரவாதம் இல்லை. இந்த இடைவெளிதான் ஆட்டத்தின் உயிர்நாடி.

கதைமாந்தர் போரில் வீழ்ந்தால் உயிர் பிழைப்பதற்கும் பகடைதான். 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை விழுந்தால் உயிர் தங்கும். அதற்குக் கீழ் மூன்று முறை விழுந்தால் மரணம். இந்த விதி வெறும் மிரட்டல் அல்ல என்பதை 'கிரிட்டிக்கல் ரோல்' பார்வையாளர்கள் 2018ஆம் ஆண்டே அறிந்தனர். இரண்டாம் நெடுந்தொடரின் 26ஆம் அத்தியாயத்தில், டாலியெசின் ஜாஃப் ஏற்றிருந்த 'மாலிமாக்' என்ற பாத்திரம் ஒரு சண்டையில் கொல்லப்பட்டது. ரசிகர்களின் பெரும் அன்பைப் பெற்றிருந்த பாத்திரம் அது. ஆயினும் கதையைத் திருத்தி அதை உடனே காப்பாற்ற எவரும் முன்வரவில்லை. ஜாஃப் வேறொரு பாத்திரத்துடன் ஆட்டத்துக்குத் திரும்பினார். எழுதி முடித்த தொலைக்காட்சித் தொடர்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. மேசையில் இருப்பவர்களுக்கும் முடிவு தெரியாது.

பிறந்தநாள் விளையாட்டிலிருந்து பெருநிறுவனம் வரை

'கிரிட்டிக்கல் ரோல்' குழுவினர் அனைவரும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். கணினி விளையாட்டுகளுக்கும் அசைவூட்டப் படங்களுக்கும் குரல் கொடுப்பவர்கள். அவர்களில் ஒருவரான லியாம் ஓ'பிரையனின் பிறந்தநாளுக்காக 2012ஆம் ஆண்டு ஒருநாள் ஆட்டமாக மெர்சர் இதை நடத்தினார். அது நண்பர்களின் வழக்கமான சந்திப்பாக நீண்டது. பின்னர் 'கீக் அண்டு சண்ட்ரி' என்ற இணைய அலைவரிசையின் அழைப்பை ஏற்று, 2015 மார்ச் 12 அன்று தங்கள் ஆட்டத்தை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினர். கதை ஏற்கெனவே பாதி வழியில் இருந்தது. அவர்கள் அதை அப்படியே தொடர்ந்தனர்.

முதல் நெடுந்தொடர் 2017இல் 115 அத்தியாயங்களுடன் நிறைவுற்றது. 2018 முதல் 2021 வரை நீடித்த இரண்டாவது தொடர் 141 அத்தியாயங்களைக் கொண்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய மூன்றாவது தொடர், 121 அத்தியாயங்களுக்குப் பின் 2025 பிப்ரவரியில் முடிந்தது. மொத்தம் 377 அத்தியாயங்கள். பெரும்பாலானவை மூன்று முதல் நான்கு மணி நேரம் ஓடக்கூடியவை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னே எத்தகைய ஆதரவு திரண்டிருக்கிறது என்பதை 2019 மார்ச் மாதம் வெளிப்படுத்தியது. முதல் தொடரின் பாத்திரங்களை வைத்து ஒரு குறும் அசைவூட்டப் படம் எடுக்க 7.5 லட்சம் டாலர் வேண்டும் என்று குழுவினர் பொதுமக்களிடம் நிதி கேட்டனர். அத்தொகை ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்தது. நிதி திரட்டல் முடிந்தபோது 88 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 1.13 கோடி டாலருக்கு மேல் அளித்திருந்தனர். அதன் விளைவாக உருவான 'தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மாக்கினா' தொடர் 2022 ஜனவரியில் பிரைம் வீடியோ தளத்தில் வெளியானது. இரண்டாம் நெடுந்தொடரைத் தழுவிய 'தி மைட்டி நெய்ன்' 2025 நவம்பரில் அதே தளத்துக்கு வந்தது.

இருக்கை மாற்றம் ஏன் முக்கியம்?

மூன்று நெடுந்தொடர்களும் 'எக்ஸாண்ட்ரியா' என்ற ஒரே உலகில் நிகழ்ந்தவை. அதன் கண்டங்கள், அரசுகள், வரலாறு ஆகியவை மெர்சரின் கற்பனையில் உருவானவை. இவ்விளையாட்டில் நடத்துநர் கதை சொல்பவராகவும் நடுவராகவும் எதிரணியாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். ஆட்டக்காரர்கள் அவரை நம்பியே துணிந்து முடிவெடுக்கின்றனர். பத்து ஆண்டுகளில் உருவான அத்தகைய நம்பிக்கையை வேறொருவரிடம் மாற்றுவது எளிதன்று.

புதிய நடத்துநர் முல்லிகன் இத்துறைக்குப் புதியவர் அல்லர். 'டிராப்அவுட்' தளத்தின் 'டைமென்ஷன் 20' நிகழ்ச்சியை 2018 முதல் முன்னின்று நடத்தி வருபவர். 2025 ஜனவரியில் அந்நிகழ்ச்சி நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் நடைபெற்றது. எக்ஸாண்ட்ரியாவின் தொல்காலப் பேரழிவைச் சித்திரித்த 'கலாமிட்டி' என்ற நான்கு பகுதிச் சிறுதொடரை 2022இல் 'கிரிட்டிக்கல் ரோல்' குழுவினருக்காக நடத்தியவரும் இவரே.

எனினும் இரண்டும் வேறுவேறு வகை உழைப்பு. 'டைமென்ஷன் 20' தொடர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட அத்தியாயங்களுடன், படத்தொகுப்பு செய்யப்பட்டு வெளியாகின்றன. எப்போது முடியும் என்று தெரிந்தால் கதையின் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். நூறு அத்தியாயங்களுக்கு மேல் நீளக்கூடிய நெடுந்தொடரிலோ, ஆட்டக்காரர்கள் எடுக்கும் ஒரு முடிவு ஓராண்டுக்குப் பின் திரும்பி வந்து கதவைத் தட்டும். ஒவ்வொரு சிறு பாத்திரத்தையும் ஒவ்வொரு வாக்குறுதியையும் நடத்துநர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அராமான்: கடவுள்கள் இல்லாத உலகம்

முல்லிகன் உருவாக்கியுள்ள புதிய உலகத்தின் பெயர் 'அராமான்'. கதை தொடங்குவதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன், மனிதர் முதலான அழிவுடைய உயிர்கள் கடவுள்களுக்கு எதிராகப் போரிட்டு அவர்களைக் கொன்றுவிட்டனர் என்பது அவ்வுலகின் அடிப்படைச் செய்தி.

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டில் இது சிறிய மாற்றமல்ல. காயம் ஆற்றுதல், இறந்தோரை மீட்டல் போன்ற ஆற்றல்களுள் பல, பாத்திரங்கள் வழிபடும் தெய்வங்களிடமிருந்து வருவதாகவே வழக்கமாகச் சித்திரிக்கப்படும். தெய்வமே இல்லாதபோது அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் உரிமை கோருகிறார்கள் என்ற கேள்விகள் அரசியலாக மாறுகின்றன. போரை நேரில் கண்ட முதியவர்கள் அவ்வுலகில் இன்னும் உயிருடன் இருக்கக்கூடும் என்பதற்கு 70 ஆண்டு இடைவெளி இடமளிக்கிறது. வெற்றி பெற்றவர்கள் அதிகாரத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட பிறகு, விடுதலைக்காகப் போரிட்டோர் என்ன ஆனார்கள் என்பதும் கதைக்குள் வருகிறது.

தொடக்கமே ஒரு மரணத்தில் நிகழ்கிறது. 'த்யாசி ஃபாங்' என்ற போராளி தண்டனைக்குள்ளாகி உயிரிழக்கிறார். அவரை வெவ்வேறு வகையில் அறிந்தவர்கள் இறுதிச் சடங்குக்காக ஒன்றுகூடுகின்றனர். அவருடைய சகோதரர் பாத்திரத்தை ஓ'பிரையன் ஏற்றுள்ளார். அறிமுகமற்ற வீரர்கள் மதுக்கடையில் சந்தித்து வேலை தேடிப் புறப்படுவது இவ்வகைக் கதைகளின் பழகிய தொடக்கம். அதற்கு மாறாக, ஏற்கெனவே உறவும் பகையும் கடனும் உள்ளவர்களை ஒரே துக்க வீட்டில் நிறுத்தியிருக்கிறார் முல்லிகன். 13 பேரை ஒரே நேரத்தில் அறிமுகப்படுத்த வேண்டிய சிக்கலுக்கும் இது விடையாக அமைந்துள்ளது.

பதின்மூவர், மூன்று குழுக்கள்

பொதுவாக ஒரு மேசைக்கு நான்கு முதல் ஆறு ஆட்டக்காரர்களே ஏற்றவர்கள். எண்ணிக்கை கூடினால் ஒவ்வொருவரும் தமது முறைக்காக நெடுநேரம் காத்திருக்க நேரும். எனவே முன்னுரையாக அமைந்த முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பின், ஆட்டக்காரர்கள் 'போர்வீரர்கள்', 'சூழ்ச்சியாளர்கள்', 'தேடுவோர்' என்று பொருள்படும் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். மூன்று குழுக்களும் ஒரே உலகில், ஒரே காலத்தில், வெவ்வேறு பாதைகளில் இயங்குகின்றன.

பெருங்குழு ஒன்றைச் சிறு அணிகளாகப் பிரித்து ஆடும் முறையை ஆட்டக்காரர்கள் 'வெஸ்ட் மார்ச்சஸ்' பாணி என்பர். பென் ராபின்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் முன்பு நடத்திய ஒரு நெடுந்தொடரின் பெயரே இப்பாணிக்கு நிலைத்துவிட்டது. ஓர் அணி அறிந்த உண்மை மற்றோர் அணிக்குத் தெரியாது. பார்வையாளருக்கோ இரண்டும் தெரியும். இதனால் எழும் பதற்றம் இம்முறையின் பலம். ஒரு குழுவை விரும்பும் ரசிகர், அது மீண்டும் திரையில் தோன்றும் வரை காத்திருக்க வேண்டியிருப்பது இதன் பலவீனம்.

இப்பாணியில் மற்றொரு நன்மையும் உண்டு. அனைவரும் ஒவ்வொரு வாரமும் வரவேண்டிய கட்டாயம் இல்லை. பிற நடிப்புப் பணிகளையும் நிறுவனப் பொறுப்புகளையும் சுமக்கும் கலைஞர்களுக்கு இது ஓய்வளிக்கிறது. பத்து ஆண்டுகளாகப் பெரும்பாலான வாரங்களில் மேசைக்கு வந்து அமர்ந்த ஒரு குழு, தொடர்ந்து இயங்க வேண்டுமானால் இத்தகைய ஏற்பாடு தேவைப்படுகிறது.

விதிகள் யாருக்குச் சொந்தம்?

நான்காம் தொடர் அறிவிக்கப்பட்டபோது ரசிகர்கள் அதிகம் விவாதித்த கேள்வி ஒன்று உண்டு. எந்த விளையாட்டின் விதிகளைப் பயன்படுத்துவார்கள் என்பதே அது. காரணம், 'கிரிட்டிக்கல் ரோல்' நிறுவனத்தின் பதிப்புப் பிரிவான 'டாரிங்டன் பிரஸ்', 2025 மே மாதம் 'டேகர்ஹார்ட்' என்ற சொந்த விளையாட்டை வெளியிட்டிருந்தது. அதில் இருபது முகப் பகடை ஒன்றுக்குப் பதில் 'நம்பிக்கை', 'அச்சம்' என்று பெயரிடப்பட்ட இரண்டு பன்னிரண்டு முகப் பகடைகள் உருட்டப்படும். எந்தப் பகடையில் பெரிய எண் விழுகிறது என்பதைப் பொறுத்து ஆட்டக்காரருக்கோ நடத்துநருக்கோ கூடுதல் ஆற்றல் சேரும்.

இதன் பின்னணியில் 2023 ஜனவரி நிகழ்வுகள் உள்ளன. 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' உரிமை, ஹாஸ்ப்ரோ குழுமத்தைச் சேர்ந்த 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனத்திடம் உள்ளது. அதன் அடிப்படை விதிகளைக் கொண்டு பிறரும் நூல்கள் வெளியிடலாம் என்ற திறந்த உரிமம் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்தது. அதை மாற்றி, ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலருக்கு மேல் வருவாய் ஈட்டுவோரிடம் உரிமத்தொகை கோரும் வரைவு ஒன்று கசிந்தது. சிறு பதிப்பாளர்களும் ஆட்டக்காரர்களும் கடுமையாக எதிர்த்தனர். அம்மாத இறுதியில் நிறுவனம் பின்வாங்கியது. அத்துடன் அடிப்படை விதித்தொகுப்பை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டது. இனி அதைத் திரும்பப் பெற இயலாது.

அந்தச் சூழலுக்குப் பின் பல பதிப்பாளர்கள் சொந்த விதிகளை உருவாக்கத் தொடங்கினர். எனவே நான்காம் தொடர் 'டேகர்ஹார்ட்' பக்கம் செல்லும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் குழுவினர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிகளையே தேர்ந்தெடுத்தனர். உலகம், நடத்துநர், ஆட்டக்காரர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மாறும் நிலையில், பார்வையாளர்களுக்குப் பழகிய ஒன்றாவது மாறாமல் எஞ்சியுள்ளது.

'மெர்சர் விளைவு'

இந்நிகழ்ச்சியின் வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. தொழில்முறை நடிகர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரும் புதியவர்கள், தங்கள் வீட்டு மேசையிலும் அதே தரத்தை எதிர்பார்த்து ஏமாற்றமடைவதை ஆட்டக்காரர்கள் 'மெர்சர் விளைவு' என்று அழைக்கின்றனர். பள்ளி முடித்து வந்த மாணவரோ, அலுவலகம் முடித்து வந்த ஊழியரோ நூறு குரல்களில் பேச இயலாது. அது தேவையும் இல்லை. மெர்சர் ஒருவரே இவ்விளையாட்டின் அளவுகோல் என்ற எண்ணம் வலுத்திருந்த நிலையில், அவரே நடத்துநர் இருக்கையை விட்டு எழுந்து ஆட்டக்காரராக அமர்வது அந்த எண்ணத்தைத் தளர்த்தக்கூடும். ஒரே விளையாட்டை வெவ்வேறு நடத்துநர்கள் வெவ்வேறு விதமாக நடத்தலாம் என்பது இப்போது கண்முன் தெரிகிறது.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

இவ்விளையாட்டுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு பழையது. 1977இல் வெளியான அதன் அரக்கர் தொகுப்பு நூலிலேயே 'ராட்சசன்' இடம்பெற்றான். புலித் தலையும் பின்புறமாகத் திரும்பிய உள்ளங்கைகளும் கொண்ட அந்த உருவம் நம் புராணங்களில் வரும் அரக்கரிலிருந்து பெரிதும் விலகியது. வெளியிலிருந்து பார்த்தவர்களின் கற்பனை அது. 2022இல் வெளிவந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' நூலில் நிலைமை மாறியது. அதில் வங்கப் பண்பாட்டுச் சாயல் கொண்ட ஒரு கதையை இந்திய எழுத்தாளர் மிமி மொண்டல் எழுதியுள்ளார்.

நான்காம் தொடரின் அத்தியாயங்கள் அமெரிக்காவில் வியாழக்கிழமை மாலை வெளியாவதால், இந்திய நேரப்படி வெள்ளிக்கிழமை காலையில் யூடியூப், ட்விட்ச் தளங்களில் பார்க்க முடிகிறது. 2024இல் தொடங்கப்பட்ட 'பீக்கன்' என்ற குழுவினரின் சொந்தக் கட்டணத் தளத்திலும் வெளியாகிறது. உரையாடல் முழுவதும் ஆங்கிலத்தில் அமைந்தது. முந்தைய 377 அத்தியாயங்களைப் பார்த்திருக்க வேண்டிய தேவை இல்லை. உலகமே புதிது என்பதால் பழைய ரசிகரும் புதிய பார்வையாளரும் இம்முறை ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றனர்.

பார்ப்பதோடு நில்லாமல் விளையாட விரும்புவோருக்கும் தடை குறைவு. அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொது உரிமத்தின்கீழ் வந்த விதித்தொகுப்பை, மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் எந்த மொழியிலும் மொழிபெயர்த்து வெளியிடலாம். தமிழும் அதில் அடங்கும். தேவைப்படுவன சில பகடைகள், தாளும் பென்சிலும், வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் ஒன்றாக அமரக்கூடிய நான்கைந்து பேர். லாஸ் ஏஞ்சல்ஸில் 2012இல் தொடங்கிய ஆட்டமும் நண்பர் ஒருவரின் பிறந்தநாளில் இவ்வாறே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.